கரண்டியோடு ஒரு படம் கேள்

தம்பி,

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து வாயைத் திறக்காமல் இருக்கிறேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். "அம்மா, அதே ஏலத் தளத்துல ஒரு லென்ஸ் வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் முடியுது. நீ ஒண்ணும் சொல்லாத, நான் பாத்துக்கறேன்" என்றாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுதுகிறேன். எழுதினால் நடுவில் நீ "ஆரம்பிச்சிட்டியா" என்று கேட்க முடியாது. கல்யாணமாகித் தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரிக்குக் குடிபோன மகனுக்கு நாலு ஸ்டேஷன் தள்ளி இருந்துகொண்டு கடிதம் எழுதுவது வேடிக்கைதான். இருக்கட்டும். நிவேதாவும் படிக்கட்டும், அந்த வீட்டுப் பணத்தில் இனி அவளுக்கும் பாதி. உன்னைப் போலப் புதிதாக ஏலத்தில் இறங்கும் நண்பர்களுக்கு அனுப்ப வேண்டுமானால் அனுப்பு. உன் பெயரையும் என் பெயரையும் நான் எங்கேயும் எழுதவில்லை, கவனித்துக்கொள்.

அந்த லென்ஸ் உனக்கு எதற்கு என்று எனக்குத் தெரியும். இத்தனை காலமும் கேமராவும் லென்ஸும் குரோம்பேட்டை வாடகைக் கடையில் எடுத்துத்தான் கல்யாணங்களுக்குப் படம் பிடித்தாய். சாதாரண நாளில் கடைக்காரர் கூப்பிட்டுக் கொடுப்பார். முகூர்த்த நாளில் கடையில் தூசிதான் மிஞ்சும். போன ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்கு நீ காலையிலேயே போய் நின்றாய். "எல்லாம் நேத்தே போயிடுச்சு தம்பி, ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கலாம்ல" என்று அவர் கையை விரித்துவிட்டார். அன்று முழுக்க வேறொரு போட்டோகிராபருக்கு விளக்குப் பிடித்துவிட்டு வந்து, சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். அதன் பிறகு கையிலிருந்ததையெல்லாம் போட்டுக் கடையில் ரசீதோடு கேமரா வாங்கினாய். இப்போது தை மாதம் சேலையூரில் ஒரு கல்யாணம். உன் சொந்தப் பெயரில் ஒப்புக்கொண்ட முதல் வேலை. மண்டபத்தில் வெளிச்சம் போதாது என்று நீயே பார்த்துவிட்டு வந்து சொன்னாய். மங்கலான வெளிச்சத்தில் படம் எடுக்கும் லென்ஸ் இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். அவர்கள் கொடுத்த முன்பணத்தைத்தான் ஞாயிற்றுக்கிழமை அந்த ஏலத்தில் வைக்கப் போகிறாய். அது தப்பான ஆளிடம் போய்விட்டால் போவது பணம் மட்டுமில்லை. அந்த வீட்டாருக்கு நீ கொடுத்த வார்த்தையும் போகும், நீ மறுபடி விளக்குப் பிடிக்கப் போவாய். அதனால்தான் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கடையில் வாங்குவதற்கு முன்னால், கேமராவுக்காக நீ முதன்முதலில் ஏலத்தில் இறங்கிய கதையை நீ மறந்துவிட விரும்புகிறாய். நான் அதை மறக்க விரும்பவில்லை. நீ ஏன் அப்படி நடந்துகொண்டாய் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. நீ ஏலம் என்பதை எங்கே கற்றாய்? நம் தெரு ஷகிலா அக்கா வீட்டு ஏலச் சீட்டில். மாதாமாதம் ஞாயிற்றுக்கிழமை நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போவேன். அக்கா வீட்டு முன்னறையில் நடத்திய தையல் கடையின் துணித் துண்டுகளுக்கு நடுவில்தான் நீ நடக்கப் பழகினாய். சீட்டில் ஏலம் தலைகீழாக நடக்கும். சேர்ந்த பணத்தை எடுக்க, யார் அதிகமாகத் தள்ளுபடி கொடுக்கிறார்களோ அவர்களுக்கே பணம். ஆனால் யாரும் கேட்பதற்கு முன்னால் அக்கா ஒரு கேள்வி போடுவார்: "இந்த மாசம் யாருக்காச்சும் அவசரமா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் மூஞ்சியத் தூக்காதீங்க." ஒருத்தி எழுந்து மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும், இவ்வளவு வந்தால் போதும் என்பாள். மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். எடுத்தவர் மறுநாள் வேண்டாமென்று சொன்னால் அடுத்துக் கேட்டவருக்குப் போகும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. நீ பார்த்து வளர்ந்த ஏலம் இதுதான். தேவையை வெளியே சொன்னால் ஜனங்கள் விட்டுக் கொடுப்பார்கள் என்பதும் அங்கே கற்றதுதான்.

அந்தப் பாடத்தோடு நீ இணையத்தில் இறங்கினாய். அந்தக் கேமரா ஏலத்தின் கீழே எல்லாரும் பார்க்கிற கேள்விப் பெட்டியில் நீ எழுதியது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "அண்ணா, எனக்கு தொழிலுக்கு ரொம்ப அவசரமா தேவைப்படுது. என்னால இவ்வளவுதான் முடியும். கொஞ்சம் பாத்து செய்யுங்க." கையிலிருந்த தொகையை எழுதி, கீழே உன் போன் நம்பரையும் போட்டாய். சீட்டில் எழுந்து நின்று சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டாய். அங்கே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நம் தெருக்காரர்கள் இல்லை. அடுத்து நடந்ததை நாம் இரண்டு பேரும் அடுப்படியில் நின்று பார்த்தோம். விலை ஏறியது. நீ எழுதிய தொகை வரைக்கும் ஏறியது. அதற்கு மேல் கொஞ்சூண்டு தாண்டி நின்றுவிட்டது. யார் ஏற்றினார்கள் என்று நமக்குத் தெரியாது. பெயருக்குப் பதில் அங்கே நட்சத்திரக் குறிகள்தானே இருக்கின்றன. உண்மையாக வேண்டியவர் ஒருவர் கேட்டிருக்கலாம். விற்பவரின் ஆளே விலையை இழுத்துவிட்டுப் பார்த்திருக்கலாம். உன் கடைசித் தொகை தெரிந்த யாருக்கும் அது சுலபம் என்பது மட்டும் நிச்சயம்.

மறுநாள் காலை உன் போனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நீ துள்ளிக் குதித்து அப்பாவிடம் காட்டினாய். ஏலத்தில் ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டாராம், அடுத்தது நீதானாம், நீ சொன்ன விலைக்கே தருகிறாராம். ஆனால் தளம் கமிஷன் பிடிக்கும், அதனால் நேராகத் தன் கணக்குக்கு அனுப்பிவிடு என்று எழுதியிருந்தார். உன் அப்பா காபி டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நல்ல மனுஷனா இருக்காரே, போடுறா" என்றார். அவருக்கு உலகத்தில் எல்லாரும் நல்ல மனுஷர்கள். நான்தான் கேட்டேன்.

"விக்கிறவர்தான் அனுப்பினாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"கேமரா பேரு, விலை எல்லாம் கரெக்டா சொல்றாரும்மா."

"அதெல்லாம் அந்தப் பக்கத்துல ஊரே படிக்கிற மாதிரி இருக்கே. உன் நம்பரும் அங்கதான் இருக்கு."

"நம்ம சீட்டுல அப்படித்தானம்மா? எடுத்தவங்க வேணான்னா அடுத்தவங்களுக்குத் தருவாங்கல்ல?"

என் கையில் சாம்பார்க் கரண்டி இருந்தது. "சரி, கேமரா பக்கத்துல ஒரு கரண்டிய வெச்சு இப்ப ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு" என்றேன். கேமராவின் படத்தை யாரும் எங்கிருந்தும் எடுத்துப் போடலாம், கரண்டியோடு இருக்கிற படம் எங்கேயும் கிடைக்காது. அவ்வளவுதான் என் கணக்கு. உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, அப்படியே கொஞ்சம் சாதமும் வெக்கச் சொல்லேன்" என்றார். நீ வெட்கத்தோடுதான் கேட்டாய். பதில் உடனே வந்தது: "ப்ரோ, ஆளுங்க வந்துகினே கீறாங்க. வேணும்னா இப்பவே போடு, நம்பிக்கை இல்லன்னா வுடு." நீ கெஞ்சிப் பார்த்தாய். கரண்டி வரவே இல்லை. மத்தியானத்துக்குள் அந்த நம்பரில் முகப்புப் படமும் போய்விட்டது. அன்று நீ என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "உன்னாலதாம்மா போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனவன், எத்தனையோ நாள் என்னிடம் சாப்பாடு போடு என்பதைத் தவிர வேறு பேசவில்லை.

தம்பி, அவன் ஏமாற்றுக்காரன்தான் என்று இன்றுவரை என்னால் நிரூபிக்க முடியாது. சந்தேகப்படுகிறவளின் கஷ்டம் இது. ஏமாந்தவனுக்காவது என்ன நடந்தது என்று தெரியும். ஏமாறாமல் தப்பித்தவனுக்கு, நாம் தப்பித்தோமா, நல்ல வாய்ப்பை விட்டோமா என்று தெரியவே தெரியாது. நான் படித்த புத்தகங்களில் சந்தேகப்படுகிறவர்கள் கடைசிப் பக்கத்தில் ஒன்று ஜெயிப்பார்கள், அல்லது அழிந்துபோவார்கள். இங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நம்பர் மௌனமானது, என் மகனும் மௌனமானான். நீ ஷகிலா அக்காவிடம் போய் என்னைப் பற்றிப் புகார் சொன்னாயாம். அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். "உங்கம்மாவ சீட்டுல சேக்குறதுக்கே எனக்கு எவ்ளோ நாள் ஆச்சு தெரியுமாடா? என் பீரோ பூட்டு சரியா இருக்கான்னு வந்து இழுத்துப் பாத்தவ அவ. உன் கேமராக்காரன் எந்த மூலைக்கு?" என்று சொல்லி அனுப்பினாராம். பூட்டை இழுத்துப் பார்த்தது உண்மைதான். இப்போதும் பார்ப்பேன். அந்தப் பூட்டு எந்த வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் வந்தவனுக்கு வீடு எங்கே?

"உனக்கு ஏலத்தப் பத்தி என்னம்மா தெரியும்" என்று நீ அப்போது கேட்டாய். தெரியும். உனக்கும் உன் அப்பாவுக்கும் தெரியாமல் நான் ஏலத்தில் பழைய புத்தகங்கள் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். பார்சல் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீசுக்கு வரும், ஒவ்வொன்றாகக் கைப்பையில் வீட்டுக்கு வரும். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றவள், கல்லூரியைப் பாதியில் விட்டவள், தனக்கென்று ஒன்று வைத்துக்கொண்டாள் என்று விட்டுவிடு. முதலில் எடுத்த புத்தகக் கட்டின் மேலாகத் தெரிந்தவை நல்ல நாவல்கள். பிரித்தால் அடியில் பழைய பத்தாம் வகுப்பு நோட்ஸ். விற்றவரிடம் சண்டை போட்டேன். "படத்துல இருக்கறது இருக்கா இல்லியா மேடம்?" என்றார். இருந்தது. விவரத்தில் "இருக்கிற நிலையில்" என்று எழுதியிருந்ததை நான் தாண்டிப் போயிருந்தேன். அன்றைக்குத்தான் புரிந்தது, படம் ஆசைக்கு, எழுத்துதான் பேச்சு. எழுதாமல் விட்டது எதுவோ அங்கேதான் விஷயம் இருக்கும். இன்னொரு முறை ஒரு பழைய பத்திரிகைத் தொகுப்புக்கு யாரோ என்னோடு மல்லுக்கட்டினார். கடைசி நிமிடங்களில் எனக்குப் பத்திரிகை மறந்துபோனது, அந்த ஆளை ஜெயிக்க வேண்டும் என்பது மட்டும் நின்றது. ஜெயித்தேன். கூரியர் செலவைச் சேர்த்தால் புதிதாகவே வேறு நல்ல புத்தகங்கள் வாங்கியிருக்கலாம். அப்போது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டிய ஆள் அந்தப் பக்கத்தில் இல்லை, போனைப் பிடித்திருந்த என் கைதான்.

இப்போது உன் லென்ஸுக்கு வருகிறேன். நீ அனுப்பிய இணைப்பைத் திறந்து பார்த்தேன், பார்க்காமல் இருப்பேனா? விற்பவர் சேலத்துக்காரர். முன்னால் என்னென்ன விற்றிருக்கிறார் என்று போய்ப் பார்த்தேன். கேமரா நிறுத்தும் முக்காலி ஒன்று, ஒரு ஃப்ளாஷ், ஒரு கேமராப் பை. எல்லாப் படங்களிலும் அதே நீலப்பூ போட்ட டைல்ஸ் தரை. இது நல்ல அறிகுறி. நேற்று வரை சேலை விற்றுவிட்டு இன்றைக்குத் திடீரென்று விலை உயர்ந்த சாமான் விற்கிற கணக்குதான் எனக்குப் பயம். இவர் ஒரு தொழிலை மூட்டை கட்டுகிறவர் மாதிரி தெரிகிறது. அதைப் பார்த்து நீ மனசு இளகி விலையை ஏற்றாதே. பரிதாபம் வந்தால் வாங்கிய பிறகு படு. ஆனால் அவர் லென்ஸை முன்பக்கமிருந்தும் பக்கவாட்டிலும்தான் எடுத்திருக்கிறார், பின்னாலிருந்து டார்ச் அடித்து ஒரு படம்கூட இல்லை. நம் ஊர் ஈரக்காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான். சேலத்தில் ஈரம் குறைவு என்று நீ சொல்வாய். இந்த லென்ஸ் எப்போதும் சேலத்திலேயே இருந்தது என்று உனக்கு யார் சொன்னார்கள்? டார்ச் அடித்த படம் கேள். வரிசை எண் தெரிகிற படம் கேள். கேள்விப் பெட்டியில் கேள்வி மட்டும் கேள். உன் அவசரத்தை, உன் தொகையை, உன் நம்பரை அங்கே எழுதாதே. சேலையூர்க் கல்யாணம் பற்றி அங்கே யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

கூரியரையும் சேர்த்து எதுவரை போகலாம் என்று இன்றைக்கே நிவேதாவோடு உட்கார்ந்து பேசி முடிவு செய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எடுக்கும் முடிவு முடிவே இல்லை. முன்கூட்டியே கேட்டு விலையைக் கிளப்பாதே, முடியப் போகும் நேரத்தில் உன் உச்சத் தொகையை ஒரே தடவை போட்டுவிட்டு, போனை அவளிடம் கொடுத்துவிட்டு ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போய்விட்டு வா. தோற்றால் தோற்றதுதான். தோற்ற பிறகு யாராவது வந்து "ஜெயிச்சவர் விலகிட்டார்" என்றால், அந்த வாய்ப்பு தளத்துக்குள்ளேயே, உன் கணக்கிலேயே வந்திருக்கிறதா என்று மட்டும் பார். வெளியே வந்தால் அது யாராக இருந்தாலும் வேண்டாம். ஜெயித்தால் பணம் தளத்தின் வழியாகத்தான் போக வேண்டும். கமிஷன் மிச்சம் என்பவன் உன் பாதுகாப்பைத்தான் மிச்சம் பிடிக்கிறான். பணம் திருப்பி அனுப்புகிறேன், ரகசிய எண்ணைப் போடு என்றால் போனை வைத்துவிடு. பணம் வருவதற்கு எந்த ரகசிய எண்ணும் தேவையில்லை. ஓடிபி கேட்பவனிடம் மரியாதைகூட வேண்டாம். பார்சல் வந்ததும் ஆசையில் கிழிக்காதே. ஒட்டிய டேப்பிலிருந்து நிவேதாவை வீடியோ எடுக்கச் சொல்லு, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் நாலு இருட்டான இடத்தில் படம் எடுத்துப் பார்த்துவிடு. கல்யாண வீட்டில் வைத்துச் சோதிக்காதே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த லென்ஸை நானே எடுத்து உங்களுக்குக் கல்யாணப் பரிசாகத் தரலாமா என்று ஒரு யோசனை வந்தது. அப்புறம் நினைத்துப் பார்த்தேன். இந்தப் பக்கம் நான் ஏற்றுவேன், அந்தப் பக்கம் நீ ஏற்றுவாய். நட்சத்திரக் குறிக்குப் பின்னால் இருப்பது விற்பவரின் ஆள்தான் என்று இரண்டு பேரும் திட்டுவோம், சேலத்துக்காரர் ஒரு கிலோ அல்வா வாங்கிச் சாப்பிடுவார். அதனால் நான் நுழைய மாட்டேன். நட்சத்திரத்துக்குப் பின்னால் யாரிருந்தாலும் அது உன் அம்மா இல்லை. நீ தயங்காமல் சந்தேகப்படலாம்.

எல்லாவற்றையும் சந்தேகப்படச் சொல்லி உன்னை வளர்த்துவிட்டேனோ என்று எனக்கே சில நேரம் கலக்கமாக இருக்கும். நிவேதா முதன்முதலில் என்னிடம் போனில் பேசிய நாள் ஞாபகமிருக்கிறதா? நீ குளித்துக்கொண்டிருந்தாய், உன் போனை நான் எடுத்தேன். யார், எந்த ஊர், இந்த நம்பரை யார் கொடுத்தார்கள், என்ன விஷயம் என்று வரிசையாகக் கேட்டேன். வேறொரு பெண்ணாக இருந்தால் வைத்துவிட்டிருப்பாள். அவள் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "ஆன்ட்டி, வேணும்னா கரண்டியோட ஒரு போட்டோ அனுப்பட்டுமா?" என்றாள். நீ அவளிடம் கதையைச் சொல்லியிருக்கிறாய்! எனக்குக் காது சுட்டது. போனை வைத்த கொஞ்ச நேரத்தில் படமும் வந்துவிட்டது. பெரிய குழிக்கரண்டியைக் கன்னத்தோடு பிடித்துக்கொண்டு சிரிக்கிற பெண். அந்த வீட்டுக்கு நாம் பெண் பார்க்கப் போவதற்கு முன்னாலேயே என் வரையில் எல்லாம் முடிந்துவிட்டது.

அதிலிருந்து ஒன்றை நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேள்வி கேட்டதற்காகக் கோபப்படுகிற எல்லாரும் திருடர்கள் இல்லை. அந்தக் கேமராக்காரனும் ஒருவேளை அவசரத்தில் இருந்த நல்லவனாக இருக்கலாம். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் உன்னோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள விரும்புகிறவருக்கு ஒரு கரண்டி தேடுவது பெரிய வேலையே இல்லை. சேலத்துக்காரரிடம் இன்றைக்கே கேள். வெட்கப்படாதே, என் மேல் பழியைப் போடு. "எங்கம்மா ஒரு மாதிரி சார், நம்ப மாட்டாங்க" என்று சொல். அது பொய்யும் இல்லை. படம் வந்தால் ஏலத்தில் இறங்கு. வராவிட்டால் விட்டுவிடு. தை மாதத்துக்கு முன்னால் வேறு லென்ஸ் வரும், வராவிட்டால் குரோம்பேட்டைக் கடைக்காரரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வை, வாடகைக்காவது கிடைக்கும். அப்போதும் அந்தக் கல்யாணம் உன்னுடையதுதான்.

ஞாயிற்றுக்கிழமை முடிந்ததும் எனக்குச் செய்தி அனுப்பு. "ஜெயிச்சிட்டேன்மா" என்று உன் நம்பரிலிருந்தே வந்தாலும் நான் உடனே நம்பிவிட மாட்டேன். பார்சல் வந்து, பிரித்து, நீ திருப்தியான பிறகு அந்த லென்ஸில் எடுக்கிற முதல் படம் எனக்கு வர வேண்டும். பால் காய்ச்சிய அன்று உங்கள் அடுக்களையில் என் ஜல்லிக்கரண்டியை விட்டுவிட்டு வந்தேன், மறந்து அல்ல. விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, அதை நிவேதா கையில் கொடுத்து எடு. அந்த மங்கலிலும் கரண்டியின் ஓட்டைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு நான் நம்புகிறேன்.

அம்மா